நாற்பத்தொன்றாவது தோட்டா

சிங்கப்பூரில் செம்பவாங் ரயில் நிலையத்துக்கு வெளியே பேருந்து பிடித்து, கப்பல் பட்டறைச் சாலையின் கடைசி நிறுத்தத்தில் அமலா இறங்கியபோது காலை எட்டு மணி. மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஒரு கையில் குடை, ஒரு கையில் சாப்பாட்டுப் பை. எதிரே அந்தக் கிடங்கு. வெள்ளைக்காரன் காலத்தில் கடற்படைக்காகக் கட்டியது. ஜன்னல் என்று ஒன்றுகூட இல்லை. சுவரின் தடிமன் ஒரு முழத்துக்குக் குறையாது. உள்ளே நுழைந்தால் வெளியே பகலா இரவா என்பது மறந்துபோகும்.

அவள் வேலை பார்த்த சோதனைக்கூடம் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டிருந்தது. மூன்று மாதத்துக்கு இங்கே வந்து வேலை செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அமலாவுக்கு எங்கே என்பது ஒரு பொருட்டே இல்லை. கணவன் அந்தோனி இறந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. ஈசூன் வீட்டில் பாலிடெக்னிக் படிக்கும் மகள் கிளாரிசா. காலையில் எழுந்ததும் எப்போது படுக்கலாம் என்று தோன்றும் வயது அமலாவுக்கு இன்னும் வந்திருக்கக் கூடாது, நாற்பத்தாறுதான். ஆனால் வந்துவிட்டது.

என்ன வேலை என்று கோயிலில் யாராவது கேட்டால் 'லேப் டெக்னிஷியன்' என்று முடித்துக்கொள்வாள். உண்மையில் அவள் உடம்பு செய்தாள். தோட்டாவைச் சோதிக்க மனித உடம்பு கிடைக்காதே. மாட்டின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுத்த ஜெலட்டின் தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, அச்சில் ஊற்றி, நாலு டிகிரி குளிரில் இரண்டு நாள் வைப்பாள். தேன் நிறத்தில், மறுபக்கம் தெரிகிற மாதிரி ஒரு நீளக் கட்டி கிடைக்கும். பதினொரு கிலோ. தசைக்குள் குண்டு எப்படிப் போகுமோ கிட்டத்தட்ட அப்படியே அதற்குள்ளும் போகும். பதினொரு வருடத்தில் எத்தனை கட்டி செய்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

இந்த முறை வந்திருந்தவை கைத்துப்பாக்கிக்கான ஹாலோ பாயின்ட் தோட்டாக்கள். குண்டின் மூக்கில் சின்னதாக ஒரு குழி இருக்கும். ஈரமான சதைக்குள் நுழைந்ததும் அந்தக் குழி பிளந்து ஆறு இதழாக விரியும். விரிந்ததும் வேகம் குறைந்து உள்ளேயே நின்றுவிடும். பின்னால் நிற்கும் இன்னொருவரைப் போய்த் தைக்காது. "அதான் இதுல நல்ல விஷயம்" என்று மேலாளர் சுந்தரேசன், பார்க்க வருகிறவர்களிடம் சொல்வார். குண்டு யாருக்குள் நின்றுவிடுகிறதோ அவரைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை.

மொத்தம் நாற்பது தோட்டா. வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை. சுடுகிறவன் ரகுபதி. நாகர்கோவில் பக்கத்துப் பையன், முப்பது வயது, இங்கே வந்து நாலு வருடம். மனைவி யாமினிக்கு ஏழாம் மாதம். வேலை அனுமதி அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். அதனால் அவனுக்கு எல்லாமே அவசரம்.

செவ்வாய்க்கிழமை சுட்ட முதல் குண்டு பதினொரு சென்டிமீட்டரிலேயே நின்றுவிட்டது. முப்பதுக்கு மேல் போயிருக்க வேண்டும்.

ரகுபதி கட்டியை அறுத்துக் குண்டை எடுத்தான். ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருந்தது, ஏதோ கெட்டியான ஒன்றில் மோதியது போல. அறுத்த இடத்தில் விரலால் துழாவினான். ஒன்றும் இல்லை.

"என்னக்கா இது? கலக்கினதுல ஏதும் கட்டி தட்டிருச்சா?"

"காலையில கட்டி பதமா இருக்கான்னு சின்னக் குண்டு விட்டுப் பாத்தோம்ல தம்பி? சரியாத்தானே போச்சு."

இரண்டாவதும் பதினொன்றில் நின்றது. மூன்றாவதும் அப்படியே. "விலா எலும்புல பட்ட மாதிரில்ல இருக்கு" என்று சொல்லிச் சிரித்தான். அமலா சிரிக்கவில்லை.

ஐந்தாவது குண்டின் இதழ்களுக்கு நடுவே எதுவோ சிக்கியிருந்தது. இடுக்கியால் இழுத்து வெள்ளைத் தட்டில் வைத்தாள்.

நீலத் துணி. நகத்தளவு. நூல் பிரிந்து, ஓரம் கருகி.

சில சோதனைகளில் கட்டிக்கு முன்னால் நாலு மடிப்பு ஜீன்ஸ் துணி தொங்கவிடுவார்கள். சட்டை போட்ட ஆளைச் சுட்டால் என்ன ஆகும் என்று பார்க்க. ஆனால் அன்றைக்குத் துணியே கிடையாது. வெறும் கட்டி. இதுவும் ஜீன்ஸ் இல்லை. மெல்லிய பருத்தி, பல முறை துவைத்துச் சாயம் போன சட்டைத் துணி.

ரகுபதி அதைக் குப்பைக் கூடையில் போட்டான். "பழைய இடம்க்கா. எங்கேர்ந்தாவது ஒட்டியிருக்கும்."

சோதனை முடிந்த கட்டிகளை உருக்கி மறுபடியும் வார்க்கச் சொல்லியிருந்தார் சுந்தரேசன். ஜெலட்டின் விலை ஏறிவிட்டதாம். அதனால் சுட்டதையே உருக்கினாள், சுட்டதையே வார்த்தாள். சாயங்காலம் அந்தப் பெரிய பாத்திரத்தைக் கிளறும்போது ஒரு வாடை வந்தது. வழக்கமான எலும்பு வாடை இல்லை. வெயிலில் நாளெல்லாம் நின்ற ஆளின் சட்டை வாடை.

புதன்கிழமை ஒன்பதாவது தோட்டா.

சுடும் இடத்தில் அவர்கள் போட்டுக்கொள்ளும் காதுக்கவசம் மின்சாரத்தில் வேலை செய்வது. வெடிச் சத்தத்தை அடக்கிவிடும். சின்னச் சத்தங்களைப் பெரிதாக்கிக் காட்டும். நாலு அடி தள்ளி நிற்பவர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கும். அமலா கட்டிக்குப் பக்கத்தில் இருந்த தடுப்புக்குப் பின்னால் நின்று கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.

வெடித்தது. கட்டி ஒரு நொடி பலூன் போல உப்பி, சுருங்கி, நடுங்கி நின்றது.

"இன்னும் எத்தனை?"

"முப்பத்தொண்ணு" என்றாள், தாளிலிருந்து தலையைத் தூக்காமலே.

பிறகுதான் பேனா நின்றது.

ரகுபதி அறையின் அந்தக் கோடியில் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, முதுகு காட்டித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, நீ ஏதாச்சும் கேட்டியா?"

"இல்லையேக்கா."

குரல் ஆண் குரல். வயது சொல்ல முடியவில்லை. கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. அவ்வளவு அலுப்பு மட்டும் இருந்தது அதில். அந்த அலுப்பு அவளுக்குப் பழக்கமானது. அந்தோனிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடந்தபோது அவன் கண்ணை மூடிக்கொண்டு "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்பான். இவள் கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் சொல்வாள். அதைத் தவிர அவளிடம் கொடுப்பதற்கு வேறொன்றும் இருந்ததில்லை. இது அந்தோனியின் குரல் இல்லை. ஆனால் அந்தப் பழக்கம்தான் அவளை வாய் திறக்க வைத்தது.

அந்த ஒன்பதாவது குண்டு முப்பத்தாறு சென்டிமீட்டர் போயிருந்தது. ஆறு இதழும் அழகாக விரிந்திருந்தன.

"இப்பத்தான்க்கா உங்க கை வந்திருக்கு!" என்றான் ரகுபதி.

அதன்பின் ஒவ்வொரு வெடிக்கும் அது கேட்டது. ஒவ்வொரு முறையும் அவள் உதடு அசையாமல் சொன்னாள். முப்பது. இருபத்தொன்பது. இருபத்தெட்டு. சொன்னால், அறுத்துப் பார்க்கும்போது குண்டு சரியாகப் போயிருந்தது. இருபத்தைந்தில் பயத்தில் வாயடைத்துப் போனாள். அந்தக் குண்டு மட்டும் பதினொன்றில் நின்றிருந்தது. பிறகு தவறாமல் சொன்னாள். வீட்டில் கிளாரிசாவிடம் சொல்லலாமா என்று பார்த்தாள். "மா, லீவ் எடுத்துட்டு ரெஸ்ட் எடுலா" என்பாள். வேறென்ன சொல்லப் போகிறாள்?

வியாழக்கிழமை குளிர் அறையிலிருந்து கட்டியைத் தூக்கியபோது கையுறை வழியாகச் சூடு தெரிந்தது. வெப்பமானியைக் குத்திப் பார்த்தாள். நாலு இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தேழு. அந்தச் சூட்டில் கட்டி எப்போதோ உருகிக் கரைந்திருக்க வேண்டும். உருகவில்லை. மேசைமேல் வைத்ததும் நாலுக்கு இறங்கிவிட்டது.

அன்று முதல் அவள் கட்டியைத் தொப்பென்று போடுவதை விட்டாள். தலைப் பக்கம் எது என்று தெரியாமலே, தலைக்குக் கை கொடுப்பது போல மெதுவாக இறக்கினாள்.

"ஏழு" என்றாள் சாயங்காலம். ரகுபதி துப்பாக்கியின் பாதுகாப்பு விசையை விலக்கும் சின்ன 'டிக்' கேட்டதும் இப்போதெல்லாம் வேறொரு சத்தமும் வந்தது.

மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம்.

வெள்ளிக்கிழமை, பதினொன்றரை மணி. நாற்பதாவது. ரகுபதி சுடுமுன் அவளே முந்திக்கொண்டாள். கட்டியிடம் குனிந்து சொன்னாள். "இதான் கடைசி. சத்தியமா."

வெடித்தது. கட்டி உப்பியது, சுருங்கியது, நின்றது.

காதுக்குள் நீளமாக ஒரு பெருமூச்சு. வேலை முடிந்து சுவரில் சாய்ந்து உட்காரும் ஆளின் மூச்சு. அமலா தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் வந்தது ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சுந்தரேசனிடமிருந்து போன். ஐந்து சோதனைகளில் கேமரா சரியாகப் பதியவில்லை. அந்த ஐந்தையும் பெட்டியில் உபரியாக இருக்கும் தோட்டாவால் மறுபடி சுட வேண்டும்.

"தம்பி, வேணாம்" என்றாள் அமலா.

"என்ன வேணாம்?"

"இன்னிக்கு வேணாம். கட்டி இல்லைன்னு சொல்லிடு."

"உள்ள ஒண்ணு மிச்சம் இருக்குல்லாக்கா?"

"நான் எடுத்துட்டு வர மாட்டேன்."

ரகுபதி அவளை ஒரு மாதிரி பார்த்தான். "அக்கா, உங்களுக்கு டயர்டா இருக்கு, புரியுது. எனக்கும்தான். அஞ்சே அஞ்சு. ரிப்போர்ட் லேட்டானா என் வொர்க் பாஸை யாரு ரினியூ பண்ணுவா? யாமினிய இந்த நிலைமையில எங்க கூட்டிட்டுப் போவேன்?"

அவள் காதில் விழுந்ததைச் சொன்னால் அவன் சுந்தரேசனுக்குப் போன் போடுவான், அவ்வளவுதான். ரகுபதியே குளிர் அறைக்குப் போனான். கட்டியைத் தூக்கி வந்து தொப்பென்று வைத்தான். கவசத்தை மாட்டினான்.

டிக்.

மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கவில்லை.

எதுவுமே கேட்கவில்லை.

வெடித்தது. கட்டி உப்பவில்லை. அதன் முகப்பில் சின்னதாக ஒரு துளை விழுந்தது. உள்ளே இருபது சென்டிமீட்டர்வரை ஒரு தடம் ஓடியது. தடம் முடிந்த இடத்தில் குண்டு இல்லை. மறுபக்கம் துளையும் இல்லை.

"எங்கக்கா போச்சு?" என்றான் ரகுபதி. பிறகு நெஞ்சில் கை வைத்தான். ரொம்ப நிதானமாகத் தரையில் உட்கார்ந்தான்.

ஆம்புலன்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றைத்தான் சொன்னான். "உள்ள ஏதோ விரியுதுக்கா."

நெஞ்சு அறுவைக்கு வசதி உள்ள நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சட்டையைக் கழற்றிப் பார்த்தால் கீறல்கூட இல்லை. எக்ஸ்ரே படத்தை மருத்துவர் வெளிச்சத்தில் பிடித்தபோது அமலாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வலது நுரையீரலுக்குள் ஆறு இதழோடு ஒரு வெள்ளைப் பூ.

"எப்போ சுட்டாங்க? யாரு சுட்டா?" என்று மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்டார். போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், ஏழு மணிக்கு அறுவை, பிழைப்பது சொல்ல முடியாது என்றார். யாமினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் இருந்தாள். அழவில்லை. "காலையில நல்லாத்தானேக்கா கிளம்பினாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"நீ இரும்மா. நான் வந்துடுறேன்" என்று சொல்லி அமலா வெளியே நடந்தாள்.

பக்கத்திலேயே இருந்த லிட்டில் இந்தியாவில் வெள்ளிக்கிழமைச் சாயங்காலக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. பூக்கடைகளில் மல்லிகை அளந்துகொண்டிருந்தார்கள். பணம் அனுப்பும் கடை வாசலில் கட்டுமான வேலைக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். பல முறை துவைத்துச் சாயம் போன சட்டைகள். அதில் நீலச் சட்டைகள் எத்தனையோ. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அது யாராகவும் இருக்கலாம் என்று தோன்றியது. யாராகவும் இல்லாமலும் இருக்கலாம். பதினொரு வருடமாக நான் செய்த அத்தனை உடம்பும் சேர்ந்து ஒருவனாகிவிட்டதோ?

ஒரு துணிக்கடையில் ஏறி வெள்ளை வேட்டி ஒன்று வாங்கினாள். ஏன் என்று யோசிக்கவில்லை. சட்டைகூட இல்லாமல் அங்கே கிடக்கிறது என்ற நினைப்பு மட்டும்தான்.

கிடங்குக்கு வந்து சேர்ந்தபோது மணி ஆறரை. மத்தியானம் விட்டுப்போன மாதிரியே எல்லாம் கிடந்தது. புகை வாடை இன்னும் அடங்கவில்லை. கட்டி மேசைமேல் இருந்தது. அவள் வேட்டியைப் பிரித்து, ஒரு முனைமுதல் மறு முனைவரை போர்த்தினாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கவசத்தை மாட்டினாள்.

கூரையில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்.

"இன்னும் எத்தனை?"

"இல்ல. இனிமே ஒண்ணுகூட இல்ல."

"முன்னாடியும் அப்படித்தான் சொன்னே."

மேலே இருப்பவர்கள் சொன்னார்கள், என் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்ல அமலா வாயெடுத்தாள். வாழ்க்கை முழுவதும் சொல்லிவந்த பேச்சு அது. சொல்லப் பிடிக்கவில்லை.

"சொன்னேன். என் தப்புதான். சுட்டது அந்தப் பையன், ஆனா சுடுறதுக்குன்னு செஞ்சு வச்சது நான். உருக்கி உருக்கி மறுபடி வச்சதும் நான்தான்." அவள் குரல் அவள் கவசத்துக்குள்ளேயே பெரிதாகக் கேட்டது. "அவன் பொண்டாட்டி வயித்துப் புள்ளையோட உக்காந்திருக்கா. அவனை விட்டுடு. மிச்சம் நாலும் எனக்கு வரட்டும். நான் இங்கயேதான் இருக்கேன்."

அவள் எழுந்து போகவில்லை. கையுறையைக் கழற்றி, வேட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"வலிக்குது" என்றது அது.

"தெரியும்பா."

அந்தோனியிடம்கூட அவள் இப்படிச் சொன்னதில்லை. நிமிடம்தான் சொல்லியிருக்கிறாள்.

உள்ளங்கைக்குக் கீழே எதுவோ அசைந்தது. வேட்டியை விலக்கிப் பார்த்தாள். தேன் நிறத்துக்குள், தடம் முடிந்த இடத்தில், மொட்டு மாதிரி ஏதோ தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு இதழாக விரிந்து நின்றது.

கைப்பேசி அடித்தது. யாமினி. அழுகையும் சிரிப்புமாக இருந்தது அவள் பேச்சு. "அக்கா, ஆபரேஷனுக்கு முன்னாடி இன்னொரு படம் எடுத்தாங்களா, அதுல ஒண்ணுமே இல்லையாம்! முதல்ல எடுத்தது மெஷின் கோளாறா இருக்கும்ங்கறாங்க. எந்திரிச்சு உக்காந்து தண்ணி கேக்கறார்க்கா!"

"நல்லதும்மா" என்றாள் அமலா.

அன்றிரவு அவள் வீட்டுக்குப் போகவில்லை. கிளாரிசாவுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு முக்காலியிலேயே இருந்தாள்.

சனிக்கிழமை காலை சுந்தரேசன் வந்தார். நாற்பதே போதும் என்று வாடிக்கையாளரிடம் பேசி ஒத்துக்கொள்ள வைத்துவிட்டாராம். ஒரு ஆள் மருத்துவமனைவரை போன பிறகு அவருக்கும் அந்த இடம் பிடிக்கவில்லை. சாமான்களை ஏற்ற இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தார், அழகர்சாமி என்றும் குமரன் என்றும். இருவரும் கப்பல் பட்டறையில் இரும்பு தூக்கிப் பழகியவர்கள்.

"அந்தக் கட்டியை உருக்கி ஊத்திடலாம்" என்றார் சுந்தரேசன்.

அழகர்சாமி வேட்டியோடு சேர்த்து ஒரு கையை அடியில் கொடுத்தான். தூக்க முடியவில்லை. இரண்டு கையும் கொடுத்தான். பிறகு குமரனும் சேர்ந்து பிடித்தான். மூச்சுப் பிடித்து, பக்கத்தில் இருந்த தரைத் தராசில் இறக்கினார்கள்.

பதினொரு கிலோக் கட்டி அது.

தராசு அறுபத்தொன்று காட்டியது.

சுந்தரேசன் தராசை அணைத்துவிட்டு மீண்டும் போட்டார். மறுபடியும் அறுபத்தொன்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "அமலா, என்னதிது?"

"யாருன்னு தெரியல சார்."

அவர் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். குளிர்சாதனத்தை நிறுத்தச் சொன்னார். "உருக்க வேணாம்" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. ரகுபதி வேலையை விடுகிறேன் என்று காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தான். தனக்கும் அலுத்துவிட்டது என்றார் சுந்தரேசன். அதை ஏற்றத் தள்ளுவண்டி கொண்டுவர மூவரும் வெளியே போனார்கள்.

"மெதுவாத் தூக்குங்க தம்பி" என்று அமலா அவர்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னாள். "திரும்பி வந்து தூக்கும்போது மெதுவா."

திறந்து வைத்த இரும்புக் கதவு வழியாக, அந்த இடத்துக்குள் முதல் முறையாக வெயில் வந்து விழுந்தது. விலகியிருந்த வேட்டியைச் சரிசெய்து, ஓரங்களை அடியில் செருகிவிட்டு, அவள் தராசின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். வெளியே தள்ளுவண்டியின் சக்கரச் சத்தம் நெருங்கி வந்தது. காற்று இல்லை. ஒரு தூசிகூட அசையவில்லை.

வேட்டி மெல்ல மேலே ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.